அண்ணனைக் காட்டிக்கொடுத்த தம்பி

நள்ளிரவு. பின்வாசல் கதவு தட்டப்படுகிறது. திறந்தால் மகன் நிற்கிறான். நான்கு நாள்களாகப் போலீஸ் தேடிக்கொண்டிருக்கும் மகன். 'பசிக்குதும்மா' என்கிறான். ஒரு தாய் என்ன செய்வாள்? பானையில் இருக்கும் சோற்றைப் போடுவாள். அவன் கிளம்பும்போது அஞ்சறைப்பெட்டியில் சேர்த்துவைத்த ஐநூறு ரூபாயைக் கையில் திணிப்பாள். வெளியில் குளிர் என்றால் அப்பாவின் சட்டை ஒன்றையும் எடுத்துக் கொடுப்பாள்.

சோறு, பணம், சட்டை. இந்த மூன்றுமே சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 249-வது பிரிவு, குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றம் என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 212-வது பிரிவு. அடைக்கலம் என்றால் பரணில் ஒளித்துவைப்பது மட்டும் அல்ல. இருக்க இடம், உணவு, குடிக்க ஏதாவது, பணம், துணி, தப்பிப்போக வண்டி என எல்லாமே அடைக்கலம்தான் என்று சட்டமே விளக்கம் தருகிறது. வந்தவர் குற்றம் செய்தவர் என்று தெரிந்து, அவரைத் தண்டனையிலிருந்து தப்பவைக்கும் எண்ணத்தோடு இவற்றைக் கொடுத்தால் குற்றம். மரண தண்டனை வரை விதிக்கக்கூடிய குற்றத்தைச் செய்தவருக்கு அடைக்கலம் கொடுத்தால் 5 ஆண்டு வரை சிறை. கைது செய்ய உத்தரவு இருக்கிறது என்று தெரிந்தும் ஒளித்துவைத்தால் 253-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை போகலாம்.

தமிழில் அடைக்கலம் என்பது எவ்வளவு உயர்ந்த சொல்! சட்டப் புத்தகத்தில் அதுவே குற்றத்தின் பெயராக இருக்கிறது.

இதில் ஒரே ஓர் உறவுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. கணவனுக்கு மனைவியோ, மனைவிக்குக் கணவனோ அடைக்கலம் கொடுத்தால் இந்தப் பிரிவுகள் பாயாது. பெற்ற தாய்க்கு அந்தச் சலுகை இல்லை. தகப்பனுக்கு, மகளுக்கு, உடன்பிறந்தவருக்கு இல்லை. 1860-இல் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரிட்டிஷ்காரர்களுக்கு மனைவியின் தவிப்பு புரிந்திருக்கிறது, தாயின் தவிப்பு புரியவில்லை போலும். புதிய சட்டமும் அதை அப்படியே வைத்துக்கொண்டது.

சட்டம் சொல்வது இவ்வளவுதான். ஆனால் அந்தப் பின்வாசலில் நிற்பவரின் கேள்வி அதைவிடப் பெரியது. ரத்த உறவா, நியாயமா? கும்பகருணனா, வீடணனா என்று நம் பட்டிமன்றங்கள் இதை எத்தனையோ முறை பேசித் தீர்த்தாயிற்று, இன்னும் தீரவில்லை. 'தங்கப்பதக்கம்' படத்தில் போலீஸ் அதிகாரியான சிவாஜி பெற்ற மகனையே சுடுவார். சினிமாவில் அந்த ஒரு குண்டோடு பிரச்னை முடிந்துவிடும். நிஜ வாழ்க்கையில் அங்கேதான் ஆரம்பிக்கும்.

அமெரிக்காவில் மூன்று குடும்பங்கள் இந்தக் கேள்வியை ஊரறிய, உலகறியச் சந்தித்தன. மூன்றிலும் உடன்பிறந்தவர்கள்தான். முதல் குடும்பத்தில் வாயைத் திறக்கவில்லை. மற்ற இரண்டிலும் திறந்தார்கள்.

வாய் திறக்காத வீடு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டம் நம்முடையதைப் போல இல்லை. குற்றம் செய்தவரைக் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் என இவர்களில் யார் ஒளித்துவைத்தாலும் அந்த மாநிலச் சட்டத்தில் தண்டனை கிடையாது. உறவு என்றால் அப்படித்தான் செய்வார்கள் என்று சட்டமே ஒப்புக்கொண்ட இடம்.

அதன் தலைநகரான பாஸ்டனில் ஜேம்ஸ் பல்ஜர் என்ற பயங்கரமான தாதா இருந்தார். ஊர் அவரை 'வொய்ட்டி' என்று அழைத்தது. அவருடைய தம்பி வில்லியம் பல்ஜர், அதே மாநிலத்தின் செனட் தலைவராக 1978 முதல் 1996 வரை இருந்தவர். பிறகு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். அண்ணன் தாதா, தம்பி தலைவர். இதைக் கதையாக எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

1994 டிசம்பரில், கைதாகப் போகிறோம் என்று முன்கூட்டியே தகவல் கிடைத்து வொய்ட்டி தலைமறைவானார். தகவல் சொன்னது முன்னாள் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவரே. அடுத்த சில வாரங்களில், முன்பே பேசிவைத்த ஒரு வீட்டுத் தொலைபேசியில் அண்ணனிடமிருந்து வந்த அழைப்பை வில்லியம் எடுத்துப் பேசினார். அதைப் போலீஸிடம் சொல்லவில்லை. பின்னாளில் விசாரணை வந்தபோது, அண்ணனைப் பிடித்துக் கொடுக்க உதவுவது தன் கடமை என்று தான் நினைக்கவில்லை என்ற பொருளில் சாட்சியம் சொன்னார். அவர் மேல் வழக்கு எதுவும் வரவில்லை. ஆனால் ஊர் சும்மா இருக்கவில்லை. 2003-இல் பல்கலைக்கழகத் தலைவர் பதவியைவிட்டு அவர் விலக வேண்டியதாயிற்று.

இன்னொரு தம்பி ஜான் பல்ஜர் நீதிமன்ற அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவர். அண்ணனோடு தொடர்பே இல்லை என்று விசாரணையில் பொய் சொன்னார். பொய் சாட்சியத்துக்காக 6 மாதம் சிறைக்குப் போனார், ஓய்வூதியமும் போயிற்று. பேசாமல் இருப்பது வேறு, சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்வது வேறு. உறவுக்காக முதலாவதைச் செய்பவர்கள் பலர் இரண்டாவதில் போய் விழுகிறார்கள்.

வொய்ட்டி 16 ஆண்டுகள் கழித்து 2011 ஜூனில் கலிஃபோர்னியாவில் பிடிபட்டார். 11 கொலைகளில் அவருக்குப் பங்கு இருந்ததாக 2013-இல் தீர்ப்பு வந்தது. அந்த 16 ஆண்டுகளும் 11 குடும்பங்கள் பதில் தெரியாமல் காத்திருந்தன. தம்பியின் மௌனத்தைப் பாசம் என்று சொல்லலாம். அந்தக் குடும்பங்களின் முன்னால் நின்று சொல்வது கஷ்டம்.

கதவில் அடித்த நூல்கண்டு

இரண்டாவது குடும்பம் சிகாகோவைச் சேர்ந்த காசின்ஸ்கி குடும்பம். மூத்தவர் டெட், 1942-இல் பிறந்தவர். இளையவர் டேவிட், ஏழு வயது சிறியவர். டேவிட் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது பின்வாசல் வலைக் கதவின் கைப்பிடி அவனுக்கு எட்டாது. தோட்டத்துக்குப் போய்விட்டு உள்ளே வர முடியாமல் நிற்பான். அதைப் பார்த்த அண்ணன் டெட், காலியான நூல்கண்டுக் கட்டை ஒன்றைத் தம்பிக்கு எட்டும் உயரத்தில் கதவில் ஆணியடித்துப் பொருத்தினான். இனி தம்பி தானே கதவைத் திறந்துகொள்ளலாம். இதை டேவிட் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

டெட் கணக்கில் மேதை. 16 வயதில் ஹார்வர்டில் சேர்ந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். 25 வயதில் பெர்க்லியில் உதவிப் பேராசிரியர். இரண்டே ஆண்டுகளில் வேலையை உதறினார். 1971-இல் மொன்டானா மாநிலத்தின் லிங்கன் என்ற சிற்றூருக்கு வெளியே, தம்பியும் பங்கு போட்டு வாங்கிய நிலத்தில், 10 அடிக்கு 12 அடியில் ஒரு மரக்குடிசை கட்டிக்கொண்டு தனியாக வாழப் போனார். மின்சாரம் கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது.

அண்ணன் ஏன் இப்படி ஒதுங்கிப் போகிறான் என்று டேவிட் சிறு வயதிலேயே அம்மா வாண்டாவிடம் கேட்டிருக்கிறார். டெட் ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது உடம்பெல்லாம் தடிப்பு வந்து மருத்துவமனையில் பல நாள்கள் வைத்திருந்ததையும், பெற்றோரைப் பக்கத்தில் இருக்கவிடாததையும் அம்மா சொன்னார். அண்ணனை ஒருபோதும் கைவிட்டுவிடாதே, அவன் அதற்குத்தான் அதிகம் பயப்படுகிறான் என்றும் சொன்னார். டேவிட் அதை மறக்கவில்லை.

1978 முதல் அமெரிக்காவில் யாரோ ஒருவர் தபாலில் வெடிகுண்டு அனுப்பிக்கொண்டிருந்தார். பேராசிரியர்கள், விமான நிறுவனம், கணினிக் கடைகள் எனக் குறி மாறிக்கொண்டே இருந்தது. 17 ஆண்டுகளில் 16 குண்டுகள். 3 பேர் இறந்தார்கள், 23 பேர் காயமடைந்தார்கள். எஃப்.பி.ஐ.க்குப் பெயர்கூடத் தெரியாததால், பல்கலைக்கழகம், விமானம் என்ற ஆங்கிலச் சொற்களின் எழுத்துகளைச் சேர்த்து 'யுனபாம்' என்று அந்த வழக்குக்குப் பெயர் வைத்திருந்தது. 1995-இல் அந்த ஆள் ஒரு நிபந்தனை வைத்தார். தொழில்நுட்ப நாகரிகத்தைக் கண்டித்துத் தான் எழுதிய 35,000 சொற்கள் கொண்ட அறிக்கையைப் பத்திரிகையில் போட வேண்டும், போட்டால் கொலையை நிறுத்துவேன் என்றார். செப்டம்பர் 19 அன்று 'வாஷிங்டன் போஸ்ட்' அதை வெளியிட்டது.

முதலில் சந்தேகப்பட்டவர் டேவிட் இல்லை. அவருடைய மனைவி லிண்டா. நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் தத்துவப் பேராசிரியை. கணவரின் அண்ணனை அவர் நேரில் பார்த்ததே கிடையாது. டேவிட் தன்னைத் திருமணம் செய்துகொண்டதற்காகத் தம்பியோடு உறவை முறித்துக்கொண்டு டெட் எழுதிய கோபக் கடிதங்களை மட்டுமே படித்திருந்தார். அறிக்கை வெளிவரும் முன்பே, செய்தித்தாள்களில் வந்த விவரங்களை வைத்து, இது உங்கள் அண்ணனாக இருக்குமோ என்று கணவரிடம் கேட்டார். எந்தக் குடும்பத்திலும் ஒரு மருமகள் கேட்கக்கூடிய கேள்வியா இது? டேவிட் முதலில் ஏற்கவில்லை. அறிக்கை அச்சில் வந்த பிறகு மனைவியின் வற்புறுத்தலால் படித்தார். வாதத்தின் போக்கும், அண்ணன் கடிதங்களில் வழக்கமாக வரும் சில சொல்சேர்க்கைகளும் அதில் இருந்தன.

கூடவே இன்னொன்றும் இருந்தது. ஒரு சிறுவனுக்குக் கதவில் நூல்கண்டு அடித்துக்கொடுத்தவன் இதைச் செய்திருக்க முடியுமா என்ற கேள்வி.

பல வாரங்கள் தம்பதி பேசிப் பேசி மாய்ந்தார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால், அடுத்த குண்டில் யாராவது செத்தால், அந்த ரத்தம் தங்கள் கையில்தான். சொன்னால், அரசாங்கம் அண்ணனைக் கொன்றுவிடலாம். டேவிட்டின் மனதில் இன்னொரு பயமும் இருந்தது. 1993-இல்தான் டெக்சாஸின் வேகோ என்ற ஊரில் எஃப்.பி.ஐ. முற்றுகை 70-க்கும் மேற்பட்டோரின் சாவில் முடிந்திருந்தது. தனியாகக் காட்டுக்குடிசையில் இருக்கும் அண்ணனை அதேபோலத் துப்பாக்கியோடு சுற்றி வளைத்தால்?

இங்கே டேவிட் செய்ததைக் கவனிக்க வேண்டும். அவர் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடவில்லை. சும்மாவும் இருக்கவில்லை. லிண்டாவின் பால்யத் தோழி ஒருவர் தனியார் துப்பறிவாளர். அவர் மூலம் டெட்டின் கடிதங்களையும் அறிக்கையையும் ஒப்பிட்டுப் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். பொருந்துவதற்கு வலுவான வாய்ப்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகு, வாஷிங்டனில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்தார்கள். அவர் வழியாகத்தான், முதலில் பெயரைச் சொல்லாமல், எஃப்.பி.ஐ.யை அணுகினார்கள். அண்ணனுக்கு மனநோய் இருக்கிறது என்பதைப் பதிவு செய்தார்கள். பத்திரமாகக் கைது செய்யுங்கள், தகவல் கொடுத்தது யார் என்பதை வெளியில் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அம்மாவின் வீட்டில் கிடைத்த, 1971-இல் டெட் எழுதிய 23 பக்கக் கட்டுரை ஒன்றும் எஃப்.பி.ஐ.யின் கைக்குப் போனது.

அம்மாவிடம் சொல்ல வேண்டிய நாள் வந்தது. வாண்டாவுக்கு அப்போது வயது எழுபதுக்கும் மேல், கணவரை இழந்தவர். மூத்த மகன் கொலைகாரனாக இருக்கலாம், அதைப் போலீஸில் சொன்னது இளைய மகன். ஒரே மூச்சில் இரண்டு இடி. வாண்டா எழுந்துபோய் டேவிட்டை அணைத்து முத்தமிட்டார். நீ அண்ணனை எவ்வளவு நேசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும், வேறு வழியில்லாமல்தான் இதைச் செய்திருப்பாய் என்ற பொருளில் பேசினார். குடும்பம் உடையாமல் நின்றது அந்த ஒரு நிமிடத்தால்தான். பல வீடுகளில் அந்த நிமிடம் வேறு மாதிரி முடிகிறது. யார் சொன்னது, யார் சொல்லாமல் இருந்தது என்று ஒருவரையொருவர் குற்றம் சாட்டியே மிச்சம் இருக்கும் உறவும் போய்விடுகிறது.

1996 ஏப்ரல் 3 அன்று ஒரு துப்பாக்கிச் சத்தமும் இல்லாமல் டெட் கைதானார். குடிசையில் அனுப்பத் தயாராக ஒரு குண்டு இருந்தது. டேவிட் சொல்லாமல் இருந்திருந்தால் அது யாருடைய வீட்டுக்கோ போயிருக்கும்.

ஆனால் கொடுத்த வாக்கு காப்பாற்றப்படவில்லை. தகவல் கொடுத்தது தம்பிதான் என்ற செய்தி தொலைக்காட்சிக்குக் கசிந்தது. வீட்டு வாசலில் கேமராக்கள் குவிந்தன. மனநோய் பற்றி அவ்வளவு சொல்லியும், அரசுத் தரப்பு மரண தண்டனைதான் கேட்டது. அப்போதுதான் டேவிட்டின் உண்மையான வேலை தொடங்கியது. அண்ணனின் உயிரைக் காப்பாற்ற அம்மாவோடு சேர்ந்து போராடினார். 1998-இல் டெட் குற்றத்தை ஒப்புக்கொள்ள, மரண தண்டனை தவிர்க்கப்பட்டது. அந்த ஆண்டு மே 4 அன்று கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகர நீதிமன்றம், பரோலே இல்லாத ஆயுள் தண்டனை விதித்தது. நீதிமன்றத்தில் அம்மாவும் தம்பியும் சில அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தும், டெட் அவர்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காட்டிக்கொடுத்ததற்குப் பரிசாக வந்த 10 லட்சம் டாலரில், வரியும் வழக்குச் செலவும் போக மீதியை, அண்ணனின் குண்டுகளால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு என்று டேவிட் ஒதுக்கினார்.

அதே ஊர், அதே தேதி

மூன்றாவது குடும்பத்தின் கதை நடந்தது அதே சாக்ரமென்டோவில், 1980-இல். பில் பேபிட் என்ற கறுப்பினத்தவர் தன் தம்பி மேனியை வீட்டில் தங்கவைத்திருந்தார். மேனி வியட்நாம் போரில் இரண்டு முறை பணியாற்றி, கே சான் முற்றுகையில் காயம்பட்டுத் திரும்பியவர். மனம் சிதைந்திருந்தது, மனநோய் மருத்துவமனையிலும் இருந்திருக்கிறார். அந்த டிசம்பரில் அக்கம்பக்கத்தில் ஒரு மூதாட்டி தாக்கப்பட்டு இறந்தார். போலீஸ் ஆளைத் தேடியது. தம்பியின் பொருள்களைப் பார்த்த பில்லுக்குச் சந்தேகம் வந்தது.

பில் நேராகப் போலீஸிடம் போனார். துப்பறிவாளர் இல்லை, வாஷிங்டன் வக்கீல் இல்லை. தம்பிக்குச் சிகிச்சை கிடைக்கும், மரண தண்டனை வராது என்று அதிகாரிகள் சொன்னதை நம்பினார். தம்பியைப் பிடிக்க அவரே உதவினார். ஆனால் வழக்கில் மரண தண்டனைதான் வந்தது. மேனி மரண தண்டனைக் கைதியாகச் சிறையில் இருந்தபோது, 1998-இல், போரில் காயம்பட்டதற்கான 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கத்தை ராணுவம் அவருக்கு அணிவித்தது. 1999 மே 4 அன்று, 50-வது பிறந்தநாளுக்கு மறுநாள், விஷ ஊசி போட்டுக் கொல்லப்பட்டார். பில் அதைச் சாட்சியாக இருந்து பார்த்தார்.

டெட்டுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்ட அதே மே 4. சரியாக ஓராண்டு இடைவெளி.

இரண்டு பேருமே மனநோய் கண்டவர்கள். இரண்டு பேரையும் ஒப்படைத்தவர்கள் உடன்பிறந்தவர்கள். மூன்று பேரைக் கொன்றவருக்கு உயிர் மிஞ்சியது, ஒருவரைக் கொன்றவருக்கு மிஞ்சவில்லை. வசதி, நிறம், வழக்கறிஞரின் திறமை ஆகியவைதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்று டேவிட்டே வெளிப்படையாகச் சொன்னார். பில்லோடு நட்பு கொண்டார். 2001 முதல் நியூயார்க் மாநிலத்தில் மரண தண்டனைக்கு எதிரான அமைப்பின் நிர்வாக இயக்குநராக வேலை செய்தார். பில்லும் அதே காரியத்துக்காக ஊர் ஊராகப் பேசினார். தம்பியைக் கொன்றது தான்தானோ என்ற எண்ணத்தைச் சுமந்துகொண்டு ஒருவர் மேடை ஏறுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பில் செய்தது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. இறந்துபோன அந்த மூதாட்டிக்கும் ஒரு குடும்பம் இருந்தது. அடுத்தவர் உயிருக்கு ஆபத்து இருக்கும்போது, உறவு என்று சொல்லிக் காத்திருக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் நியாயத்தின் பக்கம் நிற்க முடிவு செய்தவர், கூடவே ஒரு வக்கீலையும் நிறுத்திக்கொள்ள வேண்டும். பில்லுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

நம் வீட்டில் நடந்தால்

நம் ஊரில் தேடப்படும் பலர் பெரிய தாதாக்கள் அல்ல. குடிபோதையில் கைகலப்பு, சீட்டுப் பணம், வாகன விபத்து, காதல் விவகாரம் என்று ஏதோ ஒன்றில் சிக்கி, பயத்தில் ஓடியவர்கள். ஓடுவதால் வழக்கு ஓடிவிடாது. வாரன்ட் பிறப்பித்தும் ஆள் தலைமறைவு என்று தெரிந்தால், நீதிமன்றம் அவரைத் 'தேடப்படும் குற்றவாளி' என்று அறிவிப்பு வெளியிட்டு, ஆஜராகக் குறைந்தது 30 நாள் அவகாசம் தரும். அந்த அறிவிப்பை ஊரில் பலர் அறிய வாசிப்பார்கள், வீட்டுச் சுவரிலும் ஒட்டுவார்கள். அவர் பெயரில் உள்ள சொத்தை முடக்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குறிப்பிட்ட சில சூழல்களில் அவர் இல்லாமலேயே விசாரணை நடத்தித் தீர்ப்பும் சொல்லலாம். இத்தனைக்கும் பிறகு பிடிபடுபவருக்கு ஜாமீன் கிடைப்பது மிகவும் கடினம். நாள் போகப் போக நிலைமை மோசமாகத்தான் ஆகும் என்பதை ஓடியவருக்குச் சொல்ல வேண்டியது குடும்பம்தான்.

முதல் வேலை வழக்கறிஞரைப் பார்ப்பது. நடந்துமுடிந்ததைப் பற்றிக் கட்சிக்காரர் வக்கீலிடம் சொல்வதை அவர் வெளியில் சொல்லக் கூடாது, சட்டமே அதைப் பாதுகாக்கிறது. (இனிமேல் ஒளிந்திருக்க வழி சொல்லுங்கள் என்று கேட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது!) வக்கீல் வைக்க வசதி இல்லையா? 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களும், காவலில் இருப்பவர்களும், பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமான வரம்பு பார்க்காமல் இந்த உதவியைப் பெறலாம்.

அடுத்தது சரணடைவது. வழக்கறிஞரோடு நீதிமன்றத்தில் சரணடைந்தால், நாள், நேரம், உடம்பில் காயம் இல்லை என்பது எல்லாம் பதிவாகிவிடும். போலீஸ் கைது செய்தாலும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். மனநலச் சிகிச்சை எடுத்தவர் என்றால் அந்த மருந்துச் சீட்டுகளை முதல் நாளே வக்கீலிடம் கொடுத்துவிட வேண்டும்.

மகன் கிடைக்கவில்லை என்று அப்பாவையோ அக்காவையோ ஸ்டேஷனில் உட்காரவைப்பது சட்டத்தில் இல்லாத வேலை. விசாரணைக்கு என்றாலும் பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்ட, 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். அப்படி யாரையாவது பிடித்து வைத்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம்.

விசாரணையில் பேசும்போது ஜான் பல்ஜரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். வக்கீலைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றும் சொல்லலாம். பொய் மட்டும் கூடாது.

பின்வாசலில் நிற்கும் அந்தத் தாய்க்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. அவனை ஒளித்துவைக்காமல், ஊரைவிட்டு ஓடப் பணம் கொடுக்காமல், விடிந்ததும் வக்கீலிடம் அழைத்துப் போகலாம். தப்பவைக்கும் நோக்கம் இருந்ததா என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. நீதிமன்றத்துக்கு அழைத்துப் போகும் தாய்க்கு அந்த நோக்கம் இல்லை.

பதில் வராத கடிதங்கள்

தண்டனைக்குப் பிறகு காசின்ஸ்கி குடும்பத்தில் நடந்ததைத்தான் பலரும் பேசுவதில்லை. கேரி ரைட் என்பவர் 1987-இல் சால்ட் லேக் சிட்டியில் டெட் வைத்த குண்டில் சிக்கியவர். உடம்பிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட சில்லுகளை எடுத்தார்கள். டேவிட் அவருக்குத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். இது நீங்கள் சுமக்க வேண்டிய பாரம் இல்லை என்ற பொருளில் கேரி பதில் சொன்னார். இருவரும் நண்பர்களானார்கள். ஒன்றாக மேடைகளில் பேசினார்கள். அண்ணன் குண்டு வைத்த மனிதரே, அண்ணனை இழந்த தம்பிக்கு இன்னோர் அண்ணன் போல ஆனார்.

டேவிட் அண்ணனைக் காட்டிக்கொடுத்தார், ஆனால் கைவிடவில்லை. சிறைக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அம்மா வாண்டாவும் எழுதினார். 2011-இல் கண்மூடும்வரை அவருக்கு மூத்த மகனிடமிருந்து ஒரு வரி வரவில்லை. டேவிட் அதற்குப் பிறகும் எழுதினார். 2023 ஜூன் 10 அன்று, வட கரோலினாவில் உள்ள சிறை மருத்துவமனையில், 81 வயதில் டெட் இறந்துபோனார். தம்பியின் கடிதங்களில் ஒன்றுக்குக்கூட அவர் பதில் எழுதவில்லை.